நூலோர் உரிமை காத்த இப்னு நதீம்

ஒரு நூலைக் கையில் எடுத்தவுடன் அதன் முகப்பில் உள்ள பெயரையே நாம் முதலில் நோக்குகின்றோம். அப்பெயருக்குரியவரே அந்நூலை ஆக்கியவர் என்று கொண்டு அப்பால் செல்கின்றோம். ஆனால், நூல் என்பது பெரும்பாலும் ஒருவர் கையால் மட்டும் உருவாவதன்று. எண்ணி எழுதியவர் ஒருவர். அதனை வேற்று மொழியில் பெயர்த்தவர் மற்றொருவர். பெயர்ப்பின் பிழை களைந்தவர் வேறொருவர். உரை கண்டவர், சுருக்கியவர், படியெடுத்தவர், பொருள் கொடுத்துப் புரந்தவர் என்று அவ்வரிசை நீண்டு செல்லும். இவர்களுள் எவர் எதனைச் செய்தார் என்பதைப் பிரித்தறிந்து எழுதி வைப்பது நூலகப் பட்டியலின் தலையாய கடமைகளுள் ஒன்றாகும்.

இக்கடமையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, தனியொருவராக நின்று, வியக்கத்தக்க நேர்மையோடு ஆற்றிச் சென்றார் பகுதாது நகரத்து நூல் வணிகர் ஒருவர். அவரே அல்ஃபிஹ்ரிஸ்த் என்னும் பெரும் நூற்பட்டியலின் ஆசிரியராகிய இப்னு நதீம் ஆவார். நாடாண்ட மன்னர்களையும் களம் வென்ற தளபதிகளையும் போற்றும் நாம், நூல்களையும் நூலோர்களையும் மறதியினின்று மீட்டளித்த இப்பெருமகனாரின் வாழ்வையும் பணியையும் அறிந்து கொள்ளுதல் பெரிதும் பயன் தருவதாகும்.

வர்ராக்கின் மைந்தர்

இப்னு நதீமின் இயற்பெயர் முஹம்மது என்பதாகும். அவர்தம் தந்தையார் பெயர் இஸ்ஹாக். அபுல் ஃபரஜ் என்பது அவருக்கு வழங்கிய சிறப்புப் பெயர். நதீம் என்னும் சொல் அரசர்க்கும் பெருமக்கட்கும் உடனிருந்து உரையாடும் அவைத்தோழரைக் குறிப்பது. தந்தையார் வர்ராக் எனப்படும் தொழிலினர். காகிதம் விற்றல், நூல்களைப் படியெடுத்தல், கட்டடம் செய்தல், விற்பனை செய்தல் ஆகிய அனைத்தையும் ஒருங்கே குறிப்பது அத்தொழிற்பெயர். மைந்தரும் அத்தொழிலையே மேற்கொண்டார்.

அவர் வாழ்ந்த பகுதாது, அப்பாசிய கலீஃபா மன்சூர் அவர்களால் 762 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. எட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அந்நகரில் காகிதம் செய்யும் தொழில் வேரூன்றிவிட்டது. தோலும் பாப்பிரசும் பெற்றிருந்த இடத்தை மலிவான காகிதம் பெற்றதும் நூல்கள் பெருகின. அந்நகரில் நூறுக்கும் மேற்பட்ட வர்ராக்குகளின் கடைகள் இருந்தன என்று ஒன்பதாம் நூற்றாண்டின் புவியியலறிஞர் யஃகூபீ எழுதியுள்ளார். அக்கடைகள் வெறும் விற்பனைக் கூடங்களாக இருக்கவில்லை. அறிஞர் கூடி வாதிடும் அவைகளாகவும், அரிய படிகளை ஒப்புநோக்கும் பயிற்சிக்கூடங்களாகவும் அவை விளங்கின. 945 ஆம் ஆண்டிற்குப் பின் கலீஃபாவின் ஆட்சிவலிமை புவைஹித் தளபதிகளின் கைக்கு மாறியபோதும் பகுதாதின் அறிவு வாழ்வு தளரவில்லை. இத்தகைய சூழலிலேயே இப்னு நதீம் வளர்ந்தார்.

இலக்கணப் பேரறிஞர் அபூ சயீத் சீராஃபீயிடம் அவர் பாடம் கேட்டார். மெய்யியலார் அபூ சுலைமான் சிஜிஸ்தானீயின் அவையில் அமர்ந்தார். அமைச்சர் மரபில் வந்த ஈசா இப்னு அலீயின் நட்பைப் பெற்றார். மோசூல் முதலிய நகரங்களுக்கும் சென்று நூல்களைக் கண்டார். கேள்வியறிவும் கண்ணால் கண்ட அறிவும் அவரிடம் ஒருங்கே திரண்டன.

அவர்தம் நண்பர்களுள் யஹ்யா இப்னு அதீ குறிப்பிடத்தக்கவர். 974 ஆம் ஆண்டில் மறைந்த இவர் சமயத்தால் கிறித்தவர்; அக்காலத்துத் தருக்க நூலார்க்குத் தலைவராக விளங்கியவர். வர்ராக்குகளின் கடைத்தெருவில் ஒருநாள் இருவரும் சந்தித்தனர். ஓய்வின்றிப் படியெடுத்து உடலை வருத்திக் கொள்வதைக் குறித்து இப்னு நதீம் நண்பரைக் கடிந்து கொண்டார். அவரோ, தபரீயின் திருக்குர்ஆன் விரிவுரையைத் தம் கையாலேயே இருமுறை படியெடுத்ததையும், அவை எல்லைப்புற மன்னர்களைச் சென்றடைந்ததையும், ஒரு பகலும் ஓர் இரவும் கூடிய பொழுதில் நூறு ஏடுகள் வரை தாம் எழுதி வருவதையும் எடுத்துரைத்தார். கிறித்தவ அறிஞர் ஒருவர் திருமறை விரிவுரையைப் படியெடுத்த இச்செய்தியை நாம் இன்று அறிந்திருப்பது, அதனை இப்னு நதீம் மறவாது பதிந்து வைத்தமையால்தான்.

பத்துப் பகுதிகளாய் ஒரு பட்டியல்

ஹிஜ்ரி 377 ஆம் ஆண்டில், அஃதாவது கி.பி. 987-988 இல், இப்னு நதீம் தம் நூலை யாத்தார். ஃபிஹ்ரிஸ்த் என்னும் பாரசீகச் சொல்லுக்குப் பட்டியல் என்பது பொருள். அரபியரும் பிறரும் இயற்றி, அரபு மொழியில் கிடைத்த எல்லா நூல்களையும் தொகுத்துக் கூறுவது அவர் மேற்கொண்ட குறிக்கோள். நூற்பெயர்களோடு நில்லாது, நூலோரின் குலமரபு, பிறப்பு, வாழ்நாள், இறப்பு, ஊர், நிறை, குறை ஆகியவற்றையும் கூறப் போவதாகத் தம் முன்னுரையில் அவர் வரையறுத்துக் கொண்டார்.

நூல் பத்துப் பகுதிகளாக அமைந்துள்ளது. முதற்பகுதி பல்வேறு மொழிகளின் எழுத்துகளில் தொடங்கி, முன்னைய வேதங்களையும் திருக்குர்ஆனையும் அதன் கலைகளையும் கூறுகின்றது. இலக்கணம், வரலாறும் உரைநடையும், கவிதை, இறையியல், சட்டமும் ஹதீஸும் ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. ஏழாம் பகுதி மெய்யியல், கணிதம், வானியல், மருத்துவம் ஆகியவற்றிற்கு உரியது. எட்டாம் பகுதி கதைகளையும் மாய வித்தைகளையும், ஒன்பதாம் பகுதி இந்தியா, சீனா உள்ளிட்ட நாடுகளின் சமயக் கொள்கைகளையும், பத்தாம் பகுதி இரசவாதத்தையும் கூறுகின்றன.

நூலின் அளவைக் கூறுவதிலும் அவர் கருத்துடன் இருந்தார். ஒரு புலவரின் கவிதைத் தொகை பத்து ஏடு என்றால் எத்தகைய ஏடு என்னும் ஐயம் எழுமன்றோ? சுலைமானீ எனப்படும் ஏட்டையே தாம் குறிப்பதாகவும், அதன் ஒரு பக்கத்தில் இருபது வரிகள் அமையும் என்றும் அவர் தெளிவுபடுத்தினார். குறைபட்ட படியை முழுப்படி என்று நம்பி வாங்குவோர் ஏமாறாதிருக்க இவ்வளவை துணை செய்தது. தம் தொழிலின் நுட்பம் அறிந்த வணிகர் அவர் என்பதற்கு இது சான்றாகும்.

யார் செய்தது எது?

இப்னு நதீமின் தனிச்சிறப்பு, ஒரு நூலோடு தொடர்புடைய பலரையும் அவரவர் செயலோடு இணைத்துக் கூறிய முறையில் விளங்குகின்றது. யூக்ளிடின் வடிவியல் நூலைப் பற்றிய அவர் குறிப்பை இங்குக் காண்போம். அதனை ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃப் இப்னு மதர் என்பவர் இருமுறை அரபியில் பெயர்த்தார். முதற்பெயர்ப்பு ஹாரூனீ என்றும், இரண்டாவது மஃமூனீ என்றும் கலீஃபாக்களின் பெயரால் வழங்கின. இவ்விரண்டனுள் பின்னதே நம்பத்தக்கது. பின்னர் இஸ்ஹாக் இப்னு ஹுனைன் அந்நூலைப் பெயர்க்க, அதனைத் தாபித் இப்னு குர்ரா திருத்தியமைத்தார். சில வரிகளே கொண்ட இக்குறிப்பில் மூல ஆசிரியர், பெயர்ப்பாளர் இருவர், திருத்தியவர், பெயர்ப்பின் வகை, அதன் தரம் ஆகிய அனைத்தும் அடங்கியுள்ளமை காண்க.

அரிஸ்டாட்டிலின் தருக்க நூல்களுள் மெய்ப்பிப்பு முறையைக் கூறும் நூலுக்கு இதனினும் நீண்ட வழி உண்டு. ஹுனைன் அதன் ஒரு பகுதியைச் சிரியாக் மொழியில் தந்தார். அவர் மைந்தர் இஸ்ஹாக் அதனை முழுமையாகச் சிரியாக்கில் ஆக்கினார். இஸ்ஹாக்கின் சிரியாக் வடிவத்தினின்று அபூ பிஷ்ர் மத்தா என்பவர் அரபியில் பெயர்த்தார். ஆகவே, அரபு நூலைப் படிப்பவர் கிரேக்க மூலத்தினின்று இரண்டு படிகள் விலகி நிற்கின்றார் என்பது வெளிப்படையாகின்றது. இத்தகைய செய்திகளுக்கு இப்னு நதீம் செவிவழிச் சொல்லை மட்டும் நம்பவில்லை. யஹ்யா இப்னு அதீ தம் கைப்பட எழுதி வைத்திருந்த நூற்பட்டியலைப் பார்த்தே பலவற்றை எழுதினார். அதனையும் வெளிப்படக் கூறினார்.

நம் நாட்டு மருத்துவ நூல்களும் அப்பட்டியலில் இடம் பெற்றுள்ளன. சுசுருதரின் நூலை, அமைச்சர் யஹ்யா இப்னு காலித் பர்மகீயின் ஆணைப்படி மன்கா என்னும் இந்தியர் மருத்துவமனையில் இருந்து விளக்கியுரைத்தார். சரகரின் நூலோ முதலில் இந்திய மொழியினின்று பாரசீகத்திற்கும், பின்னர்ப் பாரசீகத்தினின்று அப்துல்லாஹ் இப்னு அலீ என்பவரால் அரபிக்கும் சென்றது. ஆணையிட்டவர் யார், பெயர்த்தவர் யார், இடைநின்ற மொழி யாது என்பதனை இருவேறு நூல்களுக்கும் தனித்தனியே கூறுகின்றார் இப்னு நதீம்.

பொருள் கொடுத்துப் புரந்தவர்களையும் அவர் விட்டுவிடவில்லை. மூசா இப்னு ஷாகிரின் மைந்தர்கள், ஹுனைன், ஹுபைஷ், தாபித் இப்னு குர்ரா உள்ளிட்ட பெயர்ப்பாளர் குழுவிற்குத் திங்கள்தோறும் ஏறத்தாழ 500 தீனார் வழங்கி வந்தனர் என்னும் செய்தி அவர் நூலில் உள்ளது. அறிவு வளர்ச்சிக்குப் பொருளுதவி எத்துணை இன்றியமையாதது என்பதனைக் கல்விக்கொடை நல்கும் சான்றோர் இதனால் உணரலாம்.

இங்குக் கூறப்பட்டவர்களுள் ஹுனைனும் இஸ்ஹாக்கும் மத்தாவும் கிறித்தவர், தாபித், ஹர்ரான் நகரத்துச் சாபியர், மன்கா இந்தியர், பர்மகீகளின் முன்னோர் பௌத்த மடத்தின் தலைவர்களாக விளங்கியவர்கள். இவர்களுள் எவருக்கும் உரிய பெயரைக் கூறுவதில் அந்த முசுலிம் நூல் வணிகர் வேறுபாடு காட்டவில்லை. உழைத்தவருக்கு உரியதைக் கொடுத்தல் என்னும் அறம் ஒன்றே அவர் முன் நின்றது.

ஹுபைஷுக்குக் கிடைத்த நீதி

இவ்வறத்திற்கு உச்சமாக விளங்குவது ஹுபைஷைப் பற்றிய அவர் குறிப்பாகும். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் மொழிபெயர்ப்பாளர்களுள் மன்னராகப் போற்றப்பட்டவர். 873 ஆம் ஆண்டளவில் மறைந்த அவர்தம் புகழ் எங்கும் பரவியிருந்தது. கிரேக்க மருத்துவர் கேலனின் அரபு நூல்கள் பலவும் அவர் பெயராலேயே வழங்கின. ஹுபைஷ் அவருடைய சகோதரியின் மைந்தர், அவருக்கு மாணவருமாவார். கையில் ஊனம் உடையவர் என்னும் பொருள்பட அஃசம் என்று அழைக்கப்பட்டவர்.

ஹுபைஷும் ஈசா இப்னு யஹ்யாவும் பிறரும் அரபியில் ஆக்கியவை ஹுனைன் பெயரில் வழங்குவது ஹுனைனுக்கு வாய்த்த நற்பேறு என்று இப்னு நதீம் எழுதுகின்றார். அத்தோடு நிறுத்தவில்லை, சான்றும் காட்டுகின்றார். கேலனின் நூல்களைப் பற்றி ஹுனைன் தாமே அலீ இப்னு யஹ்யாவுக்காக ஒரு பட்டியல் எழுதியிருந்தார். 129 நூல்களைக் கூறும் அப்பட்டியலில், எதனை யார் எம்மொழியில் யாருக்காகப் பெயர்த்தார் என்பதனை ஹுனைன் ஒளிவின்றி எழுதியுள்ளார். அதனைப் பார்ப்போர், ஹுனைன் பெயர்த்தவற்றுள் மிகுதியானவை சிரியாக் மொழியிலேயே அமைந்தன என்பதையும், அரபியில் அவர் பிறர் பெயர்ப்பைத் திருத்தியோ பார்வையிட்டோ உதவியிருக்கலாம் என்பதையும் அறியலாம் என்கின்றார் இப்னு நதீம்.

இக்குறிப்பில் ஹுனைனின் பெருமை சிறிதும் குறைக்கப்படவில்லை. ஆசிரியரின் நேர்மையான ஏட்டைக் கொண்டே மாணவரின் உரிமை நிலைநாட்டப்படுகின்றது. புகழ் பெற்றவர் பக்கமே உலகம் சாயும். புகழற்றவரின் உழைப்பு அப்புகழுக்குள் கரைந்து போகும். அவ்வாறு கரைந்ததைப் பிரித்தெடுத்துக் காட்டுவதற்குப் புலமையோடு நெஞ்சுரமும் வேண்டும்.

பின்னாளில் நேர்ந்ததையும் இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். புள்ளியிடாது எழுதும்போது ஹுபைஷ், ஹுனைன் என்னும் பெயர்கள் அரபு எழுத்தில் ஒன்றையொன்று ஒத்துத் தோன்றும். பழைய ஏடுகளில் ஹுபைஷ் என்று கண்ட அறியாதோர் சிலர், அதனை எழுத்துப்பிழை என்று கருதிச் சுரண்டிவிட்டு ஹுனைன் என்று எழுதினர் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் இப்னுல் கிஃப்தீ கூறுகின்றார். ஏட்டில் சுரண்டப்பட்ட பெயர் இப்னு நதீமின் பட்டியலில் மட்டும் அழியாது நின்றது.

ஐயத்தையும் பதிந்த நேர்மை

ஆசிரியர் இன்னார் என்று துணிய இயலாத இடங்களில் அந்த ஐயத்தையே அவர் பதிவு செய்தார். அரபு மொழியின் முதல் அகராதியாகிய கிதாபுல் ஐன், கலீல் இப்னு அஹ்மத் பெயரால் வழங்குவது. அது முழுதும் அவர் எழுதியதா, அவர் தொடங்கியதை லைத் என்பவர் நிறைவு செய்தாரா என்னும் வினா அறிஞரிடையே இருந்தது. இப்னு நதீம் இருதரப்புச் செய்திகளையும் தருகின்றார். ஹிஜ்ரி 248 இல் குராசானிலிருந்து வந்த வர்ராக் ஒருவர், 48 பாகங்கள் கொண்ட அதன் படியைப் பசராவில் 50 தீனாருக்கு விற்றதையும் கூறுகின்றார். நூல் வந்த வழி தெரிந்தால்தான் நூலோரைப் பற்றிய முடிபும் தெளிவுறும் என்பது அவர்தம் கோட்பாடு.

இரசவாத அறிஞர் ஜாபிர் இப்னு ஹய்யான் உண்மையில் வாழ்ந்தவரா என்னும் ஐயமும் அக்காலத்திலேயே எழுந்தது. ஒருவர் இரண்டாயிரம் ஏடுகள் வரை உடல் வருந்தி எழுதிவிட்டு, அதனைப் பிறிதொருவர் பெயரில் வழங்குவாரோ என்று வினவி, ஜாபிர் வாழ்ந்தவரே என்று இப்னு நதீம் முடிவு செய்தார். அவர் பெயரால் வழங்கும் பெருந்தொகுதி பலர் கையால் பல காலத்தில் உருவானது என்றே இருபதாம் நூற்றாண்டு முதலாக ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இப்னு நதீமின் முடிபு மாறலாம். ஆனால் மறுப்போர் கூற்றையும் மறையாது எழுதிய பண்பினாலேயே பின்னோர் அதனை மீளாய்வு செய்ய இயன்றது.

ஹதீஸ் கலையை அறிந்தோர்க்கு இம்முறை புதிதன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் மொழியை உரைப்போர், அதனை யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று இஸ்னாத் எனப்படும் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் கூறுதல் வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் செய்தியின் உறுதி தளரும். அப்பண்பாட்டில் தோய்ந்த இப்னு நதீம், ஒவ்வொரு நூலுக்கும் அதனைத் தந்த கைகளின் வரிசையைத் தேடியதில் வியப்பில்லை. ஹிஜ்ரி 377 இல், சீனம் சென்று திரும்பிய நஜ்ரான் துறவி ஒருவரைப் பகுதாதின் கிறித்தவர் பகுதியில் தேவாலயத்தின் பின்புறம் அவரே நேரில் கண்டு, அந்நாட்டுச் செய்திகளைக் கேட்டறிந்து எழுதினார். யாரிடம், எங்கே, எப்போது கேட்டார் என்பதும் அச்செய்தியோடு சேர்ந்தே உள்ளது.

ஹதீஸா நகரின் பெட்டி

இப்னு நதீமின் உள்ளத்தை நாம் நெருங்கிக் காணும் இடம் ஒன்று உண்டு. ஹதீஸா என்னும் நகரில் நூல் திரட்டுவதில் பெருவேட்கை கொண்ட ஒருவர் இருந்தார். தம் நூல்களை எளிதில் பிறருக்குக் காட்டாதவர். இப்னு நதீம் பலமுறை பழகி அவர் நம்பிக்கையைப் பெற்ற பின்னர், ஏறத்தாழ 300 ராத்தல் எடையுள்ள பெரும் பெட்டியொன்றை அவர் திறந்து காட்டினார். தோலேடுகளும், எகிப்து, சீனம், குராசான் ஆகிய நாடுகளின் தாள்களும் அதில் நிறைந்திருந்தன. ஒவ்வோர் ஏட்டிலும் அது இன்னார் கையெழுத்து என்னும் குறிப்பும், அதனடியில் அறிஞர் ஒருவர்பின் ஒருவராக இட்ட சான்றுகளும் காணப்பட்டன. அலீ (ரலி) அவர்களின் தோழர் ஒருவர் எழுதிய திருக்குர்ஆன் படியும், அரபு இலக்கணத்தின் முதல்வராகக் கருதப்படும் அபுல் அஸ்வத் கூறிய இலக்கணச் செய்திகளும் அங்கிருந்தன.

பின்னர் அம்மனிதர் இறந்தார். பெட்டி என்னவாயிற்று என்பதை எவரும் அறியவில்லை. பெரிதும் முயன்று தேடியும், அத்திருக்குர்ஆன் படியைத் தவிர வேறெதனையும் மீண்டும் காணவில்லை என்று இப்னு நதீம் எழுதுகின்றார். பட்டியலிடப்பெறாத கருவூலம் உரியவரோடு மறைந்துவிடும் என்பதனை அவர் கண்ணாரக் கண்டார். அவர்தம் இடையறாத உழைப்பின் வேரில் இத்தகைய இழப்பின் துயரமும் இருந்ததென்று நாம் கருத இடமுண்டு.

மறைவும் நூலின் வாழ்வும்

இப்னு நதீம் 990 ஆம் ஆண்டில் மறைந்தார் என்பதே இன்று பெரும்பாலோர் கொள்ளும் முடிபு. 995 என்பாரும் உளர். நூலில் ஆங்காங்கே ஆண்டுகளுக்கும் பெயர்களுக்கும் வெற்றிடம் விடப்பட்டிருந்தது. தெரியாததைக் கற்பனையால் நிரப்பாது இடம்விட்டு வைத்த அடக்கமும் அவர் சிறப்புகளுள் ஒன்றாகும்.

1258 ஆம் ஆண்டில் மங்கோலியர் படையெடுப்பால் பகுதாது அழிவுற்றது. அவர் கண்ட நூல்களுள் மிகப் பலவற்றின் பெயர் மட்டுமே இன்று அவர் பட்டியல் வழியாக நமக்குக் கிடைக்கின்றது. அப்பட்டியலின் சிறந்த கையெழுத்துப்படி ஒன்று இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்திலும், மறுபாதி இசுதான்புல் நகரிலும் உள்ளன.

அந்நூலை அச்சேற்ற ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் ஜெர்மானிய அறிஞர் குஸ்தாவ் ஃப்ளூகல். அவர் 1870 இல் மறைந்துவிட, யோகன்னஸ் ரோடிகரும் ஆகஸ்ட் முல்லரும் பணியை முடித்து 1871-1872 இல் வெளியிட்டனர். 1970 இல் பேயர்டு டாட்ஜின் ஆங்கிலப் பெயர்ப்பும், 1971 இல் தெகரானில் ரிழா தஜத்துதின் பதிப்பும், 2009 இல் அய்மன் ஃபுஆத் சய்யிதின் பதிப்பும் வெளிவந்தன. ஃப்ளூகல் பதிப்பு என்று சுருங்கக் கூறுவோர் எஞ்சிய இருவரையும் நினைப்பதில்லை. நூலோர் உரிமை காத்தவரின் நூலுக்கே இது நேர்ந்திருக்கின்றது!

இன்றைய பட்டியலும் நம் கடமையும்

இக்கால நூலகப் பட்டியலிலும் இதே வினா தொடர்கின்றது. அட்டைப் பட்டியலில் ஆசிரியர் பெயருக்குத் தலைமைப் பதிவும், ஏனையோர்க்குத் துணைப்பதிவும் இடுவது வழக்கமாயிருந்தது. அட்டையில் இடம் சிறிது. 1978 இல் வெளிவந்த ஆங்கில அமெரிக்கப் பட்டியல் விதிகளின் இரண்டாம் பதிப்பு, தொகுத்தவர், பதிப்பித்தவர், ஓவியர், மொழிபெயர்த்தவர் ஆகிய நான்கு பணிகளுக்கே சுருக்கக் குறிகளைத் தந்தது. அவற்றையும் விரும்பினால் இடலாம் என்றே விட்டது. பல பட்டியல்களில் பெயர் இருக்கும். அவர் செய்த பணி இராது. கணினி வந்து இடநெருக்கடி நீங்கிய பின், 2010 இல் வெளிவந்த புதிய விதித்தொகுப்பு, ஒவ்வொருவர்க்கும் நூலுக்கும் உள்ள உறவையும், ஒரு நூலுக்கும் அதன் பெயர்ப்பு, உரை, சுருக்கம் ஆகியவற்றிற்கும் உள்ள உறவையும் உரிய சொற்களால் குறிக்க விரிவான வழி வகுத்தது. பகுதாதின் வர்ராக் தூவலால் செய்ததையே இன்று நூலகர் கணினியால் செய்கின்றனர்.

நம் தமிழ் நூல்களுக்கும் இது பொருந்தும். சீறாப்புராணம் என்றவுடன் உமறுப்புலவர் பெயரைக் கூறுகின்றோம். அவரை அப்பணியில் தூண்டியவர் வள்ளல் சீதக்காதி என்பது வழிவழி வரும் செய்தி. அபுல் காசிம் மரக்காயரின் கொடையைப் புலவர் தம் நூலுள் பல இடங்களில் போற்றுகின்றார். அந்நூலை 1842 இல் அச்சில் கொணர்ந்தவர் புலவர் நாயகம் எனப்படும் சேகு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம். இயற்றியவர், புரந்தவர், பதிப்பித்தவர் என்று ஒவ்வொருவரும் உரிய இடத்தில் குறிக்கப்பெற்றால்தான் அந்நூலின் வரலாறு முழுமையாகும். பதிப்பித்தவர் பெயர் விடுபட்டால், ஏட்டினின்று அச்சுக்கு வந்த வழியை நாளைய மாணவர் எங்ஙனம் அறிவர்? ஏடுகளும் பழம்பதிப்புகளும் இன்னும் பல இல்லங்களில் இருக்கின்றன. அவற்றின் முகப்பையும் முன்னுரையையும் இறுதிக் குறிப்பையும் பார்த்து, யார் எதனைச் செய்தார் என்று எழுதி வைக்கும் பணி மாணவர்க்கு எட்டாத பணியன்று. பெரியோர் தம் பெட்டிகளைத் திறந்து காட்டினால் அது கைகூடும்.

ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை உரியவரிடம் சேர்ப்பது அமானிதம் என்பதை நாம் இளமை முதலே கற்றிருக்கின்றோம். பொன்னும் பொருளும் மட்டுமே அமானிதம் என்று கொள்ளுதல் கூடாது. ஒருவர் உழைப்பிற்குரிய பெயரும் அமானிதமே. மூல ஆசிரியர்க்கு அவர் பெயரையும், பெயர்த்தவர்க்கு அவர் பெயரையும், பிழை களைந்தவர்க்கு அவர் பெயரையும் பிழையின்றிக் கொடுத்து, அந்த அமானிதத்தை நிறைவேற்றிச் சென்றார் இப்னு நதீம். நாம் எழுதும் கட்டுரையிலும், தொகுக்கும் மலரிலும், ஆக்கும் பட்டியலிலும் அந்நெறியைப் பின்பற்றுவோமாயின், அதுவே அப்பெருமகனார்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும். வல்ல இறைவன் அதற்குத் துணை நிற்பானாக!